ஜன்ஜவீத்: ஆட்சியைக் காக்க வளர்த்த படை நாட்டையே விழுங்கிய வரலாறு

2023 ஏப்ரல் 15. ரமளானின் கடைசிப் பத்து நடந்துகொண்டிருந்தது. சூடானின் தலைநகர் கார்த்தூமில் நோன்பு நோற்றிருந்த மக்களின் தலைக்கு மேலே போர் விமானங்கள் பறந்தன, தெருக்களில் பீரங்கிகள் முழங்கின. அங்கே சிக்கிக்கொண்ட இந்தியர்களை 'ஆபரேஷன் காவேரி' என்ற பெயரில் கப்பலிலும் விமானத்திலும் மீட்டு வந்தபோதுதான் நம் ஊர்களில் பலர் சூடானைக் கவனிக்கத் தொடங்கினார்கள். கவனித்தவர்களும் இரண்டு விதமாகவே பேசினார்கள். "முஸ்லிம்களே முஸ்லிம்களைக் கொல்கிறார்களே" என்ற பெருமூச்சு ஒன்று. "எல்லாம் வல்லரசுகளின் சதி" என்ற தீர்ப்பு மற்றொன்று. பெருமூச்சு விட்டவரும் தீர்ப்புச் சொன்னவரும் மேற்கொண்டு எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

இரண்டு தளபதிகள் பதவிக்காக மோதிக்கொள்கிறார்கள் என்று செய்திகள் சொல்லின. ஒருவர் ஜெனரல் அப்துல் ஃபத்தாஹ் அல்-புர்ஹான், இராணுவத் தலைவர். மற்றவர் முஹம்மத் ஹம்தான் தகலோ. ஹெமெத்தி என்று சொன்னால்தான் எல்லோருக்கும் தெரியும். இந்த இரண்டாமவர் எந்த இராணுவக் கல்லூரியிலும் படித்தவர் அல்லர். பள்ளிப் படிப்பையும் பாதியில் விட்டவர், ஒட்டக வியாபாரி. இப்படிப்பட்ட ஒருவரின் கையில் ஏறக்குறைய ஒரு இலட்சம் பேர் கொண்ட படை எப்படி வந்தது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் சூடான் மட்டுமல்ல, சர்வாதிகார அரசுகள் பல காலமாகக் கையாளும் ஒரு வழிமுறையும் நமக்குப் புரியும்.

இராணுவமும் போலீசும் உளவுத்துறையும் இருக்கும் அரசுக்கு எதற்காகத் தனியாக ஓர் ஆயுதக் கும்பல்? முதல் காரணம் எளிதில் விளங்கக்கூடியது. சீருடை அணிந்தவன் சுட்டால் அரசு பதில் சொல்ல வேண்டும். சீருடை இல்லாதவன் சுட்டால் "யாரோ கொள்ளையர்கள்", "இரு கோத்திரங்களின் தகராறு", "ஆத்திரமடைந்த பொதுமக்கள்" என்று கையை விரித்துவிடலாம். எகிப்தில் 2011 பிப்ரவரி 2 அன்று தஹ்ரீர் சதுக்கத்தில் கூடியிருந்தவர்கள் மீது குதிரையிலும் ஒட்டகத்திலும் வந்து பாய்ந்தவர்களை 'பல்தஜிய்யா' என்றார்கள். அதே ஆண்டு சிரியாவில் ஆர்ப்பாட்டக்காரர்களை அடித்தும் சுட்டும் வீழ்த்தியவர்கள் 'ஷப்பீஹா' எனப்பட்டனர். பெயர்தான் வேறு, வேலை ஒன்றுதான்.

இரண்டாவது காரணத்தை நாம் அதிகம் யோசிப்பதில்லை. சர்வாதிகாரி தன் எதிரிகளுக்கு அஞ்சுவதைவிடத் தன் இராணுவத்துக்கே அதிகம் அஞ்சுகிறார். ஹைத்தி நாட்டின் அதிபர் பிரான்சுவா துவாலியே, தன்னைக் கவிழ்க்கும் வலிமை இராணுவத்துக்கு இருப்பதை உணர்ந்தே 1950களின் இறுதியில் 'தோந்தோன் மக்கூத்' என்ற தனிப் படையை வளர்த்தார். அவர் கிறிஸ்தவ நாட்டின் அதிபர். இந்த நோய்க்கு மதம் கிடையாது என்பதற்காகவே இதைச் சொல்கிறோம். சூடானின் உமர் அல்-பஷீர் 1989 ஜூன் 30 அன்று இராணுவப் புரட்சியால் ஆட்சிக்கு வந்தவர். தான் ஏறி வந்த ஏணியில் இன்னொருவரும் ஏறக்கூடும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

தார்ஃபூரில் நடந்தது

சூடானின் மேற்கே உள்ள தார்ஃபூர் 1916 வரை சுல்தான்களால் ஆளப்பட்ட தனி நாடு. சுல்தான் அலீ தீனார் கொல்லப்பட்ட பிறகே ஆங்கிலேயர் அதை சூடானோடு இணைத்தார்கள். குர்ஆனை மனனம் செய்தவர்கள் நிறைந்த மண் என்று அந்நாட்டு மக்களே பெருமையாகச் சொல்லும் பகுதி அது. அங்கே ஃபூர், மஸாலீத், ஸகாவா போன்ற இனத்தவரும், ரிஸைகாத் போன்ற அரபுக் கோத்திரத்தாரும் வாழ்கிறார்கள். வெளியூர் பத்திரிகைகள் இதை 'அரபியர் எதிர் ஆப்பிரிக்கர்' என்று எழுதிவிடுவது வழக்கம். நேரில் பார்த்தால் இரு தரப்பும் ஒரே நிறம், இரு தரப்பும் முஸ்லிம்கள், இரு தரப்பும் மாலிகி மத்ஹபினர். ஒரே சந்தையில் கொடுக்கல் வாங்கல், பெண் எடுத்துப் பெண் கொடுத்த உறவு எல்லாம் இருந்தது.

வேறுபாடு நிலத்தில் இருந்தது. சுல்தான்கள் காலத்திலிருந்தே கோத்திரங்களுக்குரிய நிலத்தை 'ஹாகூரா' என்பார்கள். பயிர்செய்யும் சமூகங்களுக்கு அது இருந்தது. வடக்கே ஒட்டகம் மேய்த்துத் திரிந்த ரிஸைகாத் பிரிவினருக்கு இல்லை. 1980களில் கொடிய வறட்சி வந்து மேய்ச்சல் நிலம் காய்ந்தபோது ஒட்டகங்கள் தெற்கே வயல்களை நோக்கி வந்தன. பஞ்சாயத்தில் தீரக்கூடிய தகராறுதான். ஆனால் அதே காலத்தில் சாத் நாட்டில் லிபியா நடத்திய போர் காரணமாகத் துப்பாக்கிகள் எல்லை தாண்டி வந்து குவிந்தன. கூடவே 'அரபு மேன்மை' என்ற இனவாதப் பேச்சும் வந்தது.

2003இல் தார்ஃபூரைச் சேர்ந்த இரண்டு கிளர்ச்சி இயக்கங்கள் ஆயுதம் ஏந்தின. எங்கள் பகுதியைக் கார்த்தூம் பல ஆண்டுகளாகப் புறக்கணிக்கிறது என்பது அவர்களின் குற்றச்சாட்டு. அந்த ஏப்ரலில் அவர்கள் அல்-ஃபாஷிர் விமான தளத்தைத் தாக்கி விமானங்களை அழித்தார்கள். பஷீர் அரசு அதிர்ந்துபோனது. இராணுவத்தை அனுப்பலாம் என்றால், படைவீரர்களில் பெரும் பகுதியினர் தார்ஃபூர்க்காரர்களே. சொந்தக் கிராமத்தைச் சுடச் சொன்னால் துப்பாக்கியைத் திருப்பிவிடுவார்களோ என்ற அச்சம் இருந்தது.

அப்போதுதான் பழைய வழி நினைவுக்கு வந்தது. 1980களில் தெற்கு சூடானியருக்கு எதிராக 'முராஹிலீன்' என்ற மேய்ப்பர் ஆயுதக் குழுக்களை அன்றைய அரசு பயன்படுத்தியிருந்தது. பஷீரும் ஆட்சிக்கு வந்த 1989ஆம் ஆண்டே 'மக்கள் பாதுகாப்புப் படை'யைச் சட்டபூர்வமாக ஆக்கியிருந்தார். ஆகவே தார்ஃபூரில் புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. மூஸா ஹிலால் என்ற கோத்திரத் தலைவர் அரசின் காவலில் இருந்தார். 2003இல் அவரை விடுவித்துத் தார்ஃபூருக்கு அனுப்பினார்கள். ஆயுதமும் சம்பளமும் அரசுடையது. கொள்ளையடித்த கால்நடை அவரவருக்கு. நிலமும் கிடைக்கும் என்ற ஆசை வேறு. இப்படித் திரட்டப்பட்டவர்களுக்கு மக்கள் வைத்த பெயர்தான் ஜன்ஜவீத். குதிரை மீது துப்பாக்கியோடு வரும் ஜின் என்று அங்கே அதற்கு விளக்கம் சொல்வார்கள்.

தாக்குதல்கள் ஒரே மாதிரியாக நடந்தன. முதலில் அரசின் அந்தோனோவ் விமானம் வந்து குண்டு போடும். பிறகு குதிரைகளிலும் ஒட்டகங்களிலும் ஜன்ஜவீத் வரும், பின்னால் இராணுவ வண்டிகளும் வரும். ஆண்களைக் கொன்றார்கள், பெண்களைச் சீரழித்தார்கள், குடிசைகளைக் கொளுத்தினார்கள், கிணறுகளைப் பாழாக்கினார்கள், பழமரங்களை வெட்டினார்கள். ஓடிப்போனவர்கள் திரும்பி வந்தாலும் வாழ முடியாதபடி செய்வதே நோக்கம் என்பது மரம் வெட்டியதிலிருந்தே தெரிகிறது. கிளர்ச்சிக்காரன் மரத்துக்குள் ஒளிந்திருப்பதில்லை அல்லவா! ஐ.நா. மதிப்பீட்டின்படி போரிலும் அதன் விளைவான பசி, நோயிலும் 3,00,000 பேர் வரை இறந்தார்கள், 27 இலட்சம் பேர் வீடிழந்தார்கள். சூடான் அரசு சொன்ன எண்ணிக்கை 10,000.

கார்த்தூமைக் கேட்டால், அவர்கள் யாரோ கொள்ளையர்கள் என்றது. 2004 ஜூலையில் ஐ.நா. பாதுகாப்பு அவை, 30 நாட்களுக்குள் ஜன்ஜவீதின் ஆயுதங்களைக் களைய வேண்டும் என்று தீர்மானம் போட்டது. ஆயுதம் களையப்படவில்லை. மாறாக, அவர்களில் பலரை 'எல்லைக் காவல் படை' என்று பெயரிட்டு அடையாள அட்டை கொடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். கூலிப்படைக்கு அரசு முத்திரை கிடைத்தது. மூஸா ஹிலால் 2008இல் அமைச்சகம் ஒன்றின் ஆலோசகராகவே ஆக்கப்பட்டார். சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் 2009இல் பஷீருக்கே பிடியாணை பிறப்பித்தது. மறு ஆண்டு இனப்படுகொலைக் குற்றத்தையும் சேர்த்தது. ஜன்ஜவீத் தளபதிகளில் ஒருவரான அலீ குஷைப் குற்றவாளி என்று அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்ததோ 2025 அக்டோபரில். 2003இல் பிறந்த குழந்தைக்கு அப்போது 22 வயது.

ஒட்டக வியாபாரி தளபதியானார்

ஹெமெத்தி இந்த ஜன்ஜவீதின் நடுத்தர நிலைத் தளபதிகளில் ஒருவர். 2007இன் இறுதியில் சம்பளம், பதவி போதவில்லை என்று அரசுக்கு எதிராகவே சில மாதங்கள் முரண்டு பிடித்தார். அரசு தண்டிக்கவில்லை, பேரம் பேசிப் பணமும் பதவியும் கொடுத்துத் திரும்ப அழைத்துக்கொண்டது. அன்று அவர் கற்றுக்கொண்ட பாடத்தை மறக்கவே இல்லை என்று நாம் கருதுகிறோம்.

2011இல் தெற்கு சூடான் பிரிந்தது. எண்ணெய் வளத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு அதோடு போய்விட்டது. அரசிடம் பணம் இல்லை, மக்களிடம் கோபம் பெருகியது. 2013இல் ஜன்ஜவீதிலிருந்து ஆட்களை எடுத்து 'விரைவு ஆதரவுப் படை' உருவாக்கப்பட்டது. அரபியில் 'குவ்வாத் அத்-தஅம் அஸ்-ஸரீஃ'. உளவுத்துறையின் கீழ் இயங்கிய இந்தப் படைக்குத் தலைவர் ஹெமெத்தி. அதே ஆண்டு செப்டம்பரில் எரிபொருள் மானியத்தை வெட்டியதற்காக கார்த்தூம் மக்கள் தெருவுக்கு வந்தபோது சுமார் 200 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தொலைதூர மாகாணத்தில் பழகிய கை தலைநகருக்கு வந்துவிட்டது என்பதை அன்றே பலர் உணர்ந்தார்கள். பஷீர் அவரை ஹெமெத்தி என்று கூப்பிடாமல் 'ஹிமாயத்தீ', அதாவது 'என் பாதுகாப்பு' என்று செல்லமாக அழைப்பார் என்று சூடானியர் சொல்வதுண்டு.

2017 ஜனவரியில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி இந்தப் படைக்குத் தனி அந்தஸ்து கொடுத்தது. அதே ஆண்டு நவம்பரில் ஹெமெத்தி தம் பழைய தலைவர் மூஸா ஹிலாலையே கைது செய்து, அவர் பிடியிலிருந்த ஜபல் ஆமிர் தங்கச் சுரங்கங்களைத் தம் வசமாக்கினார். எண்ணெய் போன பிறகு சூடானுக்குத் தங்கம்தான் எண்ணெய். அதோடு யமன் போரில் சவூதி, அமீரகக் கூட்டணிக்காக ஆயிரக்கணக்கான ஆட்களை அனுப்பிப் பணம் சேர்த்தார். குடும்பத்தார் பெயரில் தங்க வணிக நிறுவனம், தனி வருமானம், தனி வெளிநாட்டுத் தொடர்பு. சம்பளத்துக்கு அரசை எதிர்பார்க்காத படைக்கு அரசு எஜமானனாக இருக்க முடியுமா? சூடான் தங்கத்தின் பெரும் பகுதி போய்ச் சேர்ந்த இடம் துபாய். நம் வாசகர்களில் பலர் பிழைப்புக்காக வாழும் ஊர். இந்தப் படைக்கு ஆயுதம் கொடுப்பதாக ஐ.நா. நிபுணர்கள் எழுப்பிய குற்றச்சாட்டை அமீரகம் மறுத்து வருகிறது. ஆயினும் இந்தத் தங்கப் பாதையை விட்டுவிட்டு சூடான் போரைப் பேச முடியாது.

'மூன்றில் ஒரு பங்கு' ஃபத்வா

2018 டிசம்பரில் அத்பரா நகரில் ரொட்டி விலை உயர்வுக்கு எதிராகத் தொடங்கிய போராட்டம் நாடெங்கும் பரவியது. தார்ஃபூர் மாணவர்கள்தான் கலகம் செய்கிறார்கள் என்று அரசு பழி போட்டபோது, கார்த்தூம் இளைஞர்கள் அரசை இனவெறியர் என்று சாடி, நாடு முழுவதுமே தார்ஃபூர்தான் என்று முழக்கமிட்டார்கள். பதினைந்து ஆண்டு காலம் தார்ஃபூரின் அழுகையைக் கேட்காதிருந்த நகரம் அது. 2019 ஏப்ரல் 6 அன்று மக்கள் இராணுவத் தலைமையகத்தின் முன் அமர்ந்தார்கள். பஷீர் தம் 'பாதுகாப்பை' அழைத்தார். ஹெமெத்தி வந்தார், ஆனால் பஷீருக்காக அல்ல. ஏப்ரல் 11 அன்று இராணுவமும் அவரும் சேர்ந்து பஷீரை இறக்கினார்கள்.

பின்னர் ஹெமெத்தி ஒரு கூட்டத்தில் சொன்னது உலமாக்களாகிய நாம் நின்று கவனிக்க வேண்டியது. "நாம் மாலிகி மத்ஹபினர், மீதிப் பேர் நலமாக வாழ மக்களில் மூன்றில் ஒரு பங்கினரைக் கொல்ல அனுமதிக்கும் ஃபத்வா உண்டு" என்று பஷீர் தங்களிடம் கூறினாராம். கடும்போக்குடையவர்கள் பாதி என்றும் சொல்வார்களாம். இதைச் சொன்னவர் தம்மை மீட்பராகக் காட்டிக்கொள்ள வேண்டிய தேவையில் இருந்தவர் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. ஆனால் அப்படி ஒரு பேச்சு அவையில் எடுபடும் என்று அவர் நம்பியதே போதுமான சாட்சி.

அந்த 'ஃபத்வா' எங்கிருந்து வந்தது? உஸூலுல் ஃபிக்ஹ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாமுல் ஹரமைன் ஜுவைனீ (ரஹ்) தமது 'அல்-புர்ஹான்' நூலில், பொதுநலன் என்ற அடிப்படையை இமாம் மாலிக் (ரஹ்) எல்லை கடந்து பயன்படுத்துகிறார் என்று விமர்சிக்கும் இடத்தில் இப்படி ஒரு கருத்தை அவர் மீது ஏற்றிச் சொல்கிறார். (நூலின் பெயரும் ஜெனரலின் பெயரும் ஒன்றாயிருப்பது தற்செயல்தான்!) மாலிகி அறிஞர்கள் இதைக் கடுமையாக மறுத்தார்கள். எங்கள் இமாமின் மாணவர்கள் யாரும் இப்படி அறிவிக்கவில்லை, எங்கள் நூல்களில் இது இல்லை என்றார்கள். ஆக, ஒரு மத்ஹபினர் மற்ற மத்ஹபை விமர்சிக்கும் வாதத்தில் வந்த, சம்பந்தப்பட்டவர்களே மறுத்துவிட்ட ஒரு கூற்று. அது ஏறக்குறைய தொள்ளாயிரம் ஆண்டுகள் ஏட்டில் கிடந்து, நிராயுதபாணியாக உட்கார்ந்திருக்கும் இளைஞர்களைச் சுடுவதற்கு ஆதாரமாக ஓர் அரண்மனையில் எடுத்துப் பேசப்படும் நிலைக்கு வந்தது.

ஆயுதக் குழுவுக்குத் துப்பாக்கி மட்டும் போதாது. செய்வது சரிதான் என்று சொல்ல ஒரு நாக்கும் வேண்டும். சில அரசுகள் அதைத் தொலைக்காட்சியில் தேடுகின்றன. மார்க்கத்தின் பெயரில் நடக்கும் அரசு ஆலிமிடம் தேடுகிறது. கிதாபு தெரியாத தளபதியைவிட, கிதாபைப் பாதி திறந்து காட்டும் ஆலிம் ஆபத்தானவர் என்பதே நம் கருத்து. நம் சகோதரர்களில் சிலருக்கு இது கசக்கும். பஷீர் ஷரீஅத்தின் பெயர் சொன்னதால் அவரை விமர்சிப்பதையே பாவமாகக் கருதியவர்கள் நம் வட்டாரத்திலும் இருந்தார்கள். தார்ஃபூரில் எரிந்த குடிசைகளில் குர்ஆன் பிரதிகளும் எரிந்தன என்பது அவர்களுக்குச் செய்தியாக எட்டவே இல்லை.

பஷீர் செய்ய முடியாததை அவர் வளர்த்த படை செய்து முடித்தது. 2019 ஜூன் 3, ரமளான் 29. பெருநாளுக்காகக் காத்திருந்த மக்கள் உள்ளிருப்புத் திடலில் உறங்கிக்கொண்டிருந்த விடியற்காலையில் விரைவு ஆதரவுப் படையினரும் மற்றப் படையினரும் நுழைந்தார்கள். நூறுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். நைல் நதியிலிருந்து உடல்கள் எடுக்கப்பட்டன. இணையம் வாரக்கணக்கில் துண்டிக்கப்பட்டது. அதற்குத் தண்டனை பெற்ற தளபதி யாரும் இல்லை. ஹெமெத்தி நாட்டின் இரண்டாம் நிலைத் தலைவராகவே அமர்ந்தார். 2021 அக்டோபர் 25 அன்று புர்ஹானும் அவரும் சேர்ந்து சிவில் அரசைக் கவிழ்த்தார்கள்.

பிறகு வந்தது ஓர் எளிய கேள்வி. இந்தப் படையை இராணுவத்தோடு எப்போது இணைப்பது? இராணுவம் இரண்டு ஆண்டில் என்றது. ஹெமெத்தி பத்து ஆண்டு கேட்டார். அந்தப் பேச்சு முறிந்துதான் 2023 ஏப்ரல் 15 வந்தது.

தார்ஃபூரில் பழைய கணக்கு மீண்டும் திறந்தது. அல்-ஜுனைனா நகரில் மஸாலீத் மக்கள் வீடு வீடாக வேட்டையாடப்பட்டார்கள். அந்த ஒரு நகரில் மட்டும் 2023இல் 10,000 முதல் 15,000 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு தெரிவித்தது. அதைத் தொலைக்காட்சிப் பேட்டியில் கண்டித்த மாகாண ஆளுநர் கமீஸ் அபக்கர் அன்றே பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அல்-ஃபாஷிர் நகரம் சுமார் ஒன்றரை ஆண்டு முற்றுகையில் பட்டினி கிடந்தது. 2025 செப்டம்பர் 19 அன்று ஃபஜ்ர் தொழுகையில் நின்றவர்கள் மீது ட்ரோன் தாக்கி எழுபதுக்கும் மேற்பட்டோர் மஸ்ஜிதுக்குள்ளேயே இறந்தார்கள். அக்டோபர் 26 அன்று நகரம் விரைவு ஆதரவுப் படையிடம் விழுந்தது. அங்கிருந்த சவூதி மகப்பேறு மருத்துவமனையில் நோயாளிகளும் உடனிருந்தோருமாக 460க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக உலக சுகாதார அமைப்பு அறிவித்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்படியானால் இராணுவத்தின் பக்கம் நிற்கலாம் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். இராணுவ விமானங்களும் சந்தைகள் மீது குண்டு போட்டன. அதைவிடக் கவலைக்குரியது, புர்ஹானின் இராணுவம் ஆள் பற்றாக்குறைக்குத் தேடியிருக்கும் தீர்வு. 'மக்கள் எதிர்ப்பு' என்ற பெயரில் ஊர் ஊராக ஆயுதம் கொடுக்கப்படுகிறது. மார்க்கப் பெயர் தாங்கிய படைப்பிரிவுகள் இராணுவத்தோடு சேர்ந்து போரிடுகின்றன. அபூ ஆகிலா கைக்கல் என்ற தளபதி ஹெமெத்தியோடு இருந்தவர். 2024 அக்டோபரில் தம் ஆட்களோடு இராணுவத்தின் பக்கம் தாவினார். அவருக்கு மன்னிப்பும் வரவேற்பும் கிடைத்தன. 2025 ஜனவரியில் இராணுவம் வத் மதனி நகரை மீட்ட நாட்களில், அருகிலுள்ள கிராமங்களில் மேற்கிலிருந்து குடியேறிய ஏழை விவசாயக் கூலிகளைக் கொன்றதாக மனித உரிமை அமைப்புகள் குற்றம் சாட்டியது அவருடைய படையைத்தான். அது சில தனிநபர்களின் மீறல் என்று இராணுவம் அறிக்கை விட்டது.